கட்டு இல்லாத பக்கத்தில் ஒரு சுவர்: குளக்கரைப் பூங்காக்கள் யாருக்காக?

கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வன்னியில் ஒரு சிறு நகரம். ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதப்போவதில்லை; அந்த ஒரு சபையோடு முடிகிற விடயமாக இது எனக்குத் தெரியவில்லை. மாமா அம்மாவின் தம்பி. அந்தக் குளத்துக்குக் கீழே நெல் விதைத்தவர். சில போகங்கள் வட்டவிதானையாக இருந்து, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுத்தவர். 2009இல் இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் குளத்தைக் கண்டதெல்லாம் பஸ் யன்னலால்தான்.

பூங்கா புதிது. வாசலில் வளைவு, மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை, உள்ளே பளபளக்கும் தரையோடு பதித்த நடைபாதை, சீமெந்தில் செய்து வெள்ளை அடித்த இரண்டு கொக்குகள். (உயிருள்ள கொக்குகள் அக்கரையில், சேற்றில் நின்றன.) வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையில் மூன்று படிகள். சக்கர நாற்காலி ஏறுவதற்கு வேறு வழி இல்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்ற இரண்டு தம்பிமார் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் மாமாவுக்குத் தன்னைத் தூக்குவது பிடிக்காது. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

கரையோரத்தில் இரும்புக் கம்பி வேலி. நிற்பவருக்கு அது இடுப்பளவு. இருப்பவருக்கோ மேல்கம்பி சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது. மாமா தலையைச் சாய்த்து, கம்பிக்குக் கீழால் பார்த்தார். பூங்காவின் ஓரம் முழுக்கச் செங்குத்தாக ஒரு கொங்கிறீற் சுவர், அதன் அடியில் தண்ணீர். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு என்னிடம் கேட்டார்: "கட்டில்லாத பக்கத்தில ஏன் பிள்ளை கட்டுக் கட்டினவங்கள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு பொறியியலாளர்களிடமும் கமக்காரர்களிடமும் கேட்டும், சட்டங்களைத் தேடி வாசித்தும் எனக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளத்துக்கு எத்தனை கரை?

உலர் வலயத்துக் குளத்துக்குக் கட்டு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். சரிவான நிலத்தில் மழைநீர் ஓடிவரும் வழியை மறித்து, பிறை வடிவில் மண்ணால் எழுப்பியதுதான் குளக்கட்டு. தண்ணீரை வயலுக்கு விடத் துருசு கட்டில் இருக்கும். கொள்ளளவுக்கு மேலே வருவதை வழியவிட ஓரத்தில் வான் இருக்கும். கட்டுக்கு எதிர்ப்புறத்தில் அணை என்று எதுவும் கிடையாது. நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து தண்ணீருக்குள் போய்விடும். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் மருத மரங்களின் அடிவரை வந்து நிற்கும். ஆவணியில் அதே இடத்தில் மாடு மேயும். நிலம் எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியைத்தான் அலைகரை என்கிறோம்.

இந்தப் பகுதி சும்மா கிடப்பதுபோலத் தெரியும். பூங்காவுக்கு இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் இதில் விழுவதும் அதனால்தான். ஆனால் குளத்தின் ஆயுளே இங்கேதான் இருக்கிறது. சிங்கள விவசாயிகள் இதன் ஒவ்வொரு பட்டைக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மேல்புறத்து மரத்தொகுதி கஸ்கொம்மன; காற்றைத் தடுத்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைப்பது. அதையொட்டிய புல்வெளி பெரஹன. அந்தச் சொல்லுக்கு வடிகட்டி என்று பொருள். ஓடிவரும் வெள்ளம் புல்லுக்குள் வேகம் குறைந்து, சுமந்துவந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டுத் தெளிந்த நீராகக் குளத்துக்குள் போகும். இலங்கையின் உலர் வலயக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. அந்த அங்கீகாரம் கட்டுக்கும் துருசுக்கும் மட்டும் கிடைத்ததல்ல. இந்தப் புல்லும் மரமும் சேர்ந்த முழு அமைப்புக்கும் கிடைத்தது.

இப்போது அந்தப் புல்லை வழித்தெடுத்து, தண்ணீரின் ஓரத்தில் செங்குத்துச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் கிரவல் கொட்டி நிரப்பி, மேலே தரையோடு பதித்தால் என்ன நடக்கும்? மழைநீர் வடிகட்டப்படாமல், வாகனத் தரிப்பிடத்தின் எண்ணெயையும் ஐஸ்கிறீம் கோப்பைகளையும் வாரிக்கொண்டு நேரே குளத்தில் விழும். சரிவில் ஏறித் தணிய வேண்டிய அலை சுவரில் மோதித் திரும்பி, சுவரின் அடியையே அரிக்கும். முழங்காலளவுத் தண்ணீரில் குஞ்சு பொரிக்கும் மீனுக்கும், அதைத் தேடி நடக்கும் கொக்குக்கும், கரையேற வேண்டிய தவளைக்கும் ஆமைக்கும் இடமில்லாமல் போகும். போதாக்குறைக்குக் குளமும் சுருங்கும்.

சுருங்குவது எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 மீற்றர் நீளத்துக்கு, 5 மீற்றர் அகலத்தில், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழத்தை நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2,250 கன மீற்றர், அதாவது 22 இலட்சத்து 50 ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கான இடம் போய்விடுகிறது. ஐந்தரை ஏக்கர் வயலில் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கட்ட அது போதும். கதிர் பறியும் நேரத்தில் அந்த ஒரு தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்கத் தேவையில்லை.

சுவர் எதற்கு என்று கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பாதுகாப்பு. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதாம். எனக்கு இந்த வாதம் பிடிபடவே இல்லை. சரிவான கரையில் தவறி இறங்கிய பிள்ளை நாலு அடி பின்னால் வைத்தால் நிலத்தில் நிற்கும். செங்குத்துச் சுவரில் விழுந்த பிள்ளைக்குக் காலூன்ற இடமில்லை, பிடித்து ஏறவும் ஒன்றும் இல்லை. வேலி தேவைப்படுவதே சுவர் இருப்பதால்தான்.

கோட்டேயில் வேறு விதமாகச் செய்தார்கள்

தண்ணீரின் ஓரத்தை நிரப்பாமல் மனிதரை அதன் நடுவே கொண்டுபோக முடியுமா? முடியும். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. கொழும்பில் படித்த காலத்தில் நான் அடிக்கடி போன தியவன்னா ஓயாவின் பக்கமே போய்ப் பார்க்கலாம்.

கோட்டே ஒரு காலத்தில் சதுப்பு நிலம். அதைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் ஒரு தீவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டது. சுற்றியிருந்த ஈரநிலம் 1985இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பிரகடனம் ஒரு பக்கம் இருக்க, நிரப்புவது மறுபக்கம் நடந்தது. வீடு, வீதி, குப்பை என்று கொழும்பைச் சுற்றிய ஈரநிலங்கள் ஒவ்வொரு ஆண்டும் குறைந்தன. 2010 நவம்பரில் ஒரு நாளுக்குள் 400 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை கொட்டியபோது தண்ணீர் போக இடமில்லாமல் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே புகுந்தது. சட்டம் இயற்றும் சபைக்கு ஈரநிலம் எதற்கு என்று அதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது.

அதன் பிறகு உலக வங்கியின் கடனுதவியோடு கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் வந்தது. கொழும்பின் ஈரநிலங்கள் வெள்ளநீரில் ஏறத்தாழ 39 சதவீதத்தைத் தாங்கி வைத்திருக்கின்றன என்று அந்தத் திட்டத்தை ஒட்டிய ஆய்வு கணக்கிட்டது. அத்திட்டத்தின் கீழ் உருவானவற்றில் ஒன்று பெத்தகான ஈரநிலப் பூங்கா. ஏறத்தாழ 18 ஹெக்டேயர். அங்கே கரை என்று எதையும் கட்டவில்லை. சதுப்பு சதுப்பாகவே கிடக்கிறது. அதன் மேலே தூண்கள் நாட்டி மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாதைக்கு அடியால் போய்வருகிறது. மழைக்காலத்தில் மட்டம் உயர்ந்தால் பாதைக்கும் தண்ணீருக்கும் இடையிலான வெளி குறையும், அவ்வளவுதான். பறவை பார்க்க மறைவிடங்களும் கோபுரமும் உண்டு. சிங்களத்தில் ஹந்துன் திவியா எனப்படும் மீன்பிடிப் பூனை கொழும்பின் இந்த ஈரநிலங்களில் இன்னும் உயிர் பிழைத்திருக்கிறது. அது இரவில் நடமாடும் பிராணி. பூங்கா பகலில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் இரவு அதற்கு உரியதாக இருக்கிறது. நமது ஊர்க் குளக்கரைகளில் நள்ளிரவுவரை வர்ண விளக்குகளை எரியவிடுவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2018இல் ராம்சார் சமவாயம் முதன்முறையாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் ஒன்றானது. பெருமைப்படலாம். அதற்காகக் கொழும்பில் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. நிரப்புவது நின்றுவிடவில்லை. அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த வெல் ஆத்தா என்ற அந்நியச் செடி புதராக மண்டி ஈரநிலத்தைத் தின்கிறது. வெட்ட வெட்ட வருகிறது. புனரமைப்பு என்பது திறப்பு விழாவோடு முடிவதில்லை என்பதற்கு அந்தச் செடி ஒன்றே போதும். கிழக்கில் வாவியோரம் இருப்பவர்களுக்கு ஆற்றுவாழையைச் சொன்னால் விளங்கும். 1909இலேயே இலங்கையில் அதை ஒழிக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். ஆற்றுவாழை இன்னும் இருக்கிறது.

ஒரு மீற்றருக்குப் பன்னிரண்டு மீற்றர்

பெத்தகானவின் பலகைப் பாதையை நான் இங்கே இழுத்து வந்ததற்கு இன்னொரு காரணம், சமதளம். தண்ணீருக்கு இடைஞ்சல் செய்யாத பாதை எதுவோ, பெரும்பாலும் அதுவே சக்கரத்துக்கும் இடைஞ்சல் செய்யாத பாதையாக இருக்கிறது. குளத்தைக் காப்பாற்றுவதும் ஆட்களை உள்ளே விடுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாமாவின் கேள்விக்குப் பின்னால்தான் மற்றப் பக்கம் விளங்கியது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்று: மெல்லிய சரிவு. அலைகரை இயற்கையாகவே அப்படித்தான் இருந்தது. சுவர் வந்தது, சுவரின் உயரத்துக்குத் தரையை நிரப்பினார்கள், நிரப்பிய தரைக்கு ஏற மூன்று படி வந்தது. தண்ணீரைத் தடுத்த அதே முடிவுதான் மாமாவையும் தடுத்தது.

சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு மீற்றர் உயர ஆகக் குறைந்தது 12 மீற்றர் நீளம். ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால் அந்த மூன்று படிகளுக்குப் பதிலாக 5.4 மீற்றர் நீளமான சாய்தளம் போதும். வாசல் வளைவுக்குச் செலவிட்ட சீமெந்தில் ஒரு பங்குகூட வராது. பல இடங்களில் சாய்தளம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவில்! படியின் மேலே பலகை வைத்ததுபோல இருக்கும் அதில் நாற்காலியைத் தள்ளினால் பின்னால் கவிழும். சாய்தளம் கட்டியாயிற்று என்று அறிக்கையில் எழுதலாம், ஏற முடியாது.

இன்னும் சில சின்ன விடயங்கள் உண்டு. சக்கரத்தில் இருப்பவருக்கு அவை சின்னதல்ல. நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீற்றர் அகலம் வேண்டும். உதிரியாகக் கொட்டிய கிரவலில் முன்சக்கரம் புதையும். அடுக்குக் கல் பதித்த பாதை முதல் மழைக்குப் பிறகு அங்கங்கே தாழும். முதுகெலும்பில் காயப்பட்டவருக்கு ஒவ்வொரு தாழ்வும் ஓர் உதை. பலகைப் பாதை என்றால் பலகைகளைப் பாதைக்குக் குறுக்காகப் போட வேண்டும். நெடுக்காகப் போட்டால் இடைவெளிக்குள் சக்கரம் மாட்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை உரசிக் கழுவ ஆள் வேண்டும். வேலி கட்டாயம் தேவையான இடத்தில் நிலைக்குத்துக் கம்பிகளாக வைத்து, மேல்கம்பியை இருப்பவரின் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கலாம். அல்லது நாலைந்து இடத்திலாவது அப்படி ஒரு பார்வை இடைவெளி விடலாம். பார்வையற்றவருக்குக் காலால் உணரும் கோடுகள் பதித்த ஓடு, முதியவர் கையூன்றி எழும்பக் கைப்பிடியுள்ள வாங்கு, கதவு வெளிப்பக்கம் திறக்கிற ஒரு பெரிய மலசலகூடம். மலசலகூடம் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை.

ஆனால் எல்லா இடத்தையும் வெட்டிச் சாய்க்கவும் முடியாது. குளக்கட்டின் மேலே போக வழி வேண்டும் என்று கட்டை வெட்டிச் சாய்தளம் அமைக்கக் கூடாது. மண்கட்டு தன் எடையால் தண்ணீரைத் தாங்குவது. அதில் வெட்டு விழுந்தால் முழுக் குளமும் கீழே இருப்பவர்களின் வீட்டுக்குள் வரும். கட்டுக்கு வெளிப்புறமாக, அதன் சரிவில் சாய்ந்தபடி மண் சேர்த்து ஏற்றத்தைக் கட்டலாம். மூன்று மீற்றர் உயரக் கட்டுக்கு 36 மீற்றர் சரிவு, இடையிடையே தரித்து மூச்சு வாங்க மூன்று சமதளங்கள், மொத்தம் 40 மீற்றர் அளவில் வரும். நீளந்தான். ஆனால் கட்டு அதைவிட நீளம். அழகுக்காகக் கட்டின் மேல் மரம் நடுவதும் ஆபத்து. வேர் மண்ணைத் துளைக்கும். மரம் பட்டால் வேர் இருந்த இடம் குழாயாகி நீர் கசியும். நிழல் வேண்டுமென்றால் அலைகரைப் பக்கம் மருத மரம் நடுங்கள். அது தண்ணீரில் நின்றே வளரும் மரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூங்காவுக்கு வருகிறவர்களுக்குக் குளம் ஆண்டு முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். மிதி படகு ஓட வேண்டும், படம் அழகாக வர வேண்டும். கமக்காரருக்கோ குளம் குறைய வேண்டும். குறைந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். படகுக்காகத் துருசை மூடிவைக்கச் சொல்லும் குரலும், வானை அரையடி உயர்த்தினால் என்ன என்ற யோசனையும் எங்கும் மெல்ல எழும். வானை உயர்த்தினால் மேல்புறத்து வீடுகளும் காணிகளும் மூழ்கும். படகுத்துறையை நிரந்தரமாகக் கட்டாமல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையாக வைத்தால் பாதிச் சண்டை தீரும். மீதிச் சண்டைக்குக் கமக்காரர் அமைப்பையும் பூங்காக்காரரையும் ஒரே மேசையில் இருத்த வேண்டும். அப்படி இருத்துவதற்கு ஆளில்லை என்பதுதான் கஷ்டம். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, பூங்கா நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ, பணம் வேறொரு அமைச்சிலிருந்து. குளத்தை முழுதாக ஒரே தாளில் வரைந்து பார்க்கிற பொறுப்பு யாருக்கும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கீழே பார்க்க வேண்டும்

வன்னிக் குளத்துக்குச் சொன்னது யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மற்றபடி எல்லாருடைய கிணற்றிலும் இருப்பது, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதக்கும் மழைநீர். நகரத்துக் குளங்கள் வயலுக்குப் பாய்வதைவிட நிலத்துக்குள் இறக்குவதையே முக்கியமாகச் செய்கின்றன. ஆகவே அங்கே கரையோடு அடித்தளத்தையும் பார்க்க வேண்டும். அடியில் கொங்கிறீற் போட்டால் அழகான தடாகம் கிடைக்கும். கிணறுகளுக்கு ஒரு சொட்டும் போகாது. சேறு அடைத்து இறங்காமல் கிடக்கும் குளத்தைத் தூர்வார வேண்டும். அளவுக்கு மீறித் தோண்டினால் கீழிருக்கும் உவர் மேலே வரும். கழிவு வாய்க்கால் வந்து விழும் குளமென்றால் முதலில் அதைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாமே கழிவைக் குடிநீருக்குள் இறக்கியவர்களாவோம்.

ஆரியகுளம் நீண்ட காலம் நகரத்தின் நடுவில் ஒரு குப்பைக் குழிபோலக் கிடந்தது. 2021 டிசெம்பரில், தனியார் அறக்கொடையின் நிதியோடு மாநகர சபை அதைப் புனரமைத்துத் திறந்தபோது பின்னேரங்களில் சனம் திரண்டது. எனக்கும் மகிழ்ச்சிதான். நாற்பது பாகைக்குக் கிட்ட வெயில் எரிக்கிற ஊரில் காற்று வாங்க ஒரு பொது இடம் கிடைத்ததை நடைபாதையின் கல்லை எண்ணிக்கொண்டு குறை சொல்லக் கூடாது. ஒரு குளம் அழகானால் அதில் யார் என்ன விழா நடத்தலாம் என்ற சண்டையும் கூடவே வரும் என்பதையும் அடுத்த ஆண்டு வெசாக் காலத்தில் கண்டோம். பொது இடம் என்றால் அதுவும் இருக்கும். ஆனால் நகரத்தின் அடுத்த குளத்தைத் திருத்தத் திட்டம் வரும்போது விளக்கு எத்தனை என்ற கேள்விக்கு முன்னால், மழை முடிந்து எத்தனை நாளில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்கவேண்டும். ஓர் அளவுகோலை நட்டுவைத்து நாளாந்தம் எழுதினாலே போதும். ஒரு பாடசாலை மாணவர் குழு செய்கிற வேலை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பொதுமக்களில் வேறொருவர் கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ போகக்கூடிய எந்தக் கட்டடத்துக்கோ இடத்துக்கோ ஒருவர் போவதை அவருடைய இயலாமையைக் காரணம் காட்டிக் கட்டுப்படுத்தக் கூடாது. "இடம்" என்ற அந்தச் சொல்லுக்குள் பூங்காவும் அடங்கும். 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அவற்றை யாரும் கணக்கிலெடுக்கவில்லை என்று, தானே சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். பொதுமக்களுக்கான புதிய கட்டடங்கள் அந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. மறுபக்கம் குளத்தையும் அதன் ஒதுக்கையும் நிரப்புவதற்கு எதிராக 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. போர் முடிந்த மாகாணத்தில், கால் இழந்தவர்கள் இல்லாத ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலத்தில், படியோடு பூங்கா திறப்பதற்கு மட்டும் யாருக்கும் கூச்சமும் இல்லை.

உங்கள் ஊரில் குளக்கரைப் பூங்கா வரப்போகிறதா? கல் நாட்டுவதற்கு முன்னரே சபைக்குப் போய்த் திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வர்ணம் பூசிய முப்பரிமாணப் படத்தைக் காட்டுவார்கள். அதில் எப்போதும் வானம் நீலமாகவும் குளம் நிரம்பியும் இருக்கும். அதை விட்டுவிட்டுக் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். வான் பாயும் மட்டம் எது, அதற்குள் எவ்வளவு நிரப்புகிறார்கள், வாசலிலிருந்து தண்ணீர்வரை சக்கரம் போகும் வழி எது என்பதை அதில் விரலால் தொட்டுப் பார்க்கலாம். அந்த வழி எந்த இடத்திலாவது அறுந்தால், அதைத் திருத்த வேண்டிய நேரம் அதுதான். கட்டிய பிறகு உடைக்க எந்தச் சபையிடமும் பணம் இருக்காது.

அன்று மாமாவும் நானும் பூங்காவின் மறுகோடிவரை போனோம். நடைபாதை அங்கே திடீரென முடிகிறது. ஒப்பந்தப் பணம் முடிந்த இடமாக இருக்க வேண்டும். அதற்கப்பால் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. மாடுகள் காலாகாலமாக இறங்கித் தண்ணீர் குடிக்கும் துறை. மிதிபட்டு மிதிபட்டு இறுகிய செம்மண், மெல்லிய சரிவு. மாமா பிரேக்கைத் தளர்த்தச் சொன்னார். பயமாக இருந்தது, நாற்காலியைப் பின்னால் பிடித்தபடி மெதுவாக இறக்கினேன். முன்சக்கரம் நனையும்வரை போனோம். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். மூன்று எருமைகள் ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தன.

"வாற கிழமை சவர்க்காரமும் துவாயும் கொண்டு வா பிள்ளை" என்றார். "வாசலால வேண்டாம், இஞ்சாலை வருவம்."